தமிழ்ப்பள்ளிலேர்ந்து செகண்டரி, தோட்டத்துலேர்ந்து டவுன்: பள்ளி மாறுற பிள்ளைய எப்படி தயார் பண்றது

போன வருஷம் ஒரு அக்கா என் வீட்டுக்கு வந்து ஒரு துணி பென்சில் பைய மேசை மேல வச்சு ஜிப்ப தொறந்து காட்டினாங்க. உள்ள ரப்பர், சார்ப்னர், அதுக்கு அடியில ஒரு வெள்ளி (ரிங்கிட்) நோட்டா சின்னச் சின்னதா மடிச்சு மொத்தம் 27 வெள்ளி. மக ஃபோர்ம் ஒன்னுக்கு (செகண்டரி முதல் வருஷம்) போயி ரெண்டு வாரம் கூட முடியல, தினம் 3 வெள்ளி குடுத்து விட்டிருக்காங்க, 9 நாளா அந்தப் பிள்ளை ஒன்னுமே வாங்கிச் சாப்பிடல. கேட்டா "பசிக்கலம்மா"ன்னு சொல்லியிருக்கு. நான் பக்கத்துல உக்கார வச்சு மைலோ போட்டுக் குடுத்து மெதுவா கேட்டேன், அப்பறம்தான் வந்துச்சு. "கெந்தின்ல அவ்ளோ கூட்டம், எல்லாரும் முண்டியடிச்சு மலாய்ல வேகமா கேக்கறாங்க, நான் கேட்டா மக்சிக் (கடைக்காரம்மா) என்ன என்னன்னு திருப்பிக் கேக்கறாங்க டீச்சர், பின்னாடி நிக்கறவங்க சிரிக்கறாங்க, அதான் போகல"ன்னு.

தமிழ்ப்பள்ளில இந்தப் பிள்ளைக்கு ஆர்எம்டி சாப்பாடு (அரசாங்கம் பள்ளில குடுக்கற இலவசச் சாப்பாடு) இருந்துச்சு, தட்டு தானா வரும், கெந்தின் அக்காவுக்கு இவ பேரும் தெரியும் இவ பாட்டி பேரும் தெரியும். அந்த சாப்பாட்டுத் திட்டம் தொடக்கப்பள்ளியோட முடிஞ்சிரும்னு அம்மாவுக்கும் தெரியாது, பிள்ளைக்கும் யாரும் சொல்லல.

நான் மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல வீட்டுலயே டியூஷன் குடுக்கறேன், நானும் தோட்டத்துல பொறந்து வளந்தவதான், அப்பா பால்மரம் வெட்டினவரு, பிறகு அந்த மரத்தையெல்லாம் சாய்ச்சிட்டு செம்பனை போட்டாங்க. எல்பில், டோவன்பி, ஹீவூட் பக்கத்து பிள்ளைங்க, டவுன் தாமான் பிள்ளைங்க, லிந்தாங் ரோட்டுலேர்ந்து வர்றவங்க, வெளி மாநிலத்துலேர்ந்து மாறி வந்தவங்கன்னு எல்லாரையும் பார்த்துட்டேன். ஒவ்வொரு வருஷமும் பள்ளி தொறக்கற நேரத்துல இதே கேள்விங்கதான் வரும், ஆளாளுக்கு தனித்தனியா சொல்றதுக்கு ஒரே இடத்துல எழுதி வைக்கறேன், பிள்ளைய மாத்தப் போறவங்க படிங்க.

முதல்ல ஒன்னு சொல்லிடறேன், மத்ததெல்லாம் இதுக்குப் பின்னாடிதான். புதுப் பள்ளிக்கு போன பிள்ளை வாயத் தொறக்காம இருந்தா அதுக்கு ஒன்னும் தெரியலன்னு நினைச்சிடாதீங்க. பெரும்பாலும் பிள்ளைக்கு பாடம் தெரியும், அந்தப் பாடத்துக்கு அங்க சொல்ற பேருதான் தெரியாது. ஆறு வருஷம் கணிதத்தையும் அறிவியலையும் தமிழ்ல படிச்சிட்டு ஏழாவது வருஷம் அதையே மலாய்ல கேக்கறாங்க. என்கிட்ட வர்ற ஒரு பையன், ஃபோர்ம் ஒன்னு, சயின்ஸ் டீச்சர் வெள்ளைப் பலகையில ஈரத்துணியால துடைச்சிட்டு, கொஞ்ச நேரத்துல அது காஞ்சிருச்சே தண்ணி எங்க போச்சு, அதுக்கு என்ன பேருன்னு கேட்டிருக்காங்க. இவனுக்கு ஆவியாதல்னு தெரியும், தமிழ்ப்பள்ளிலயே படம் வரைஞ்சு கலர் அடிச்சிருக்கான், ஆனா பெஞெஜாத்தான்னு ஒரு சொல்லு அவன்கிட்ட இல்ல. தலையக் குனிஞ்சுக்கிட்டான். டீச்சர் அடுத்த பிள்ளைய கேட்டுட்டு போயிட்டாங்க. இப்படி ஒரு மாசம் போனா டீச்சரும் இவன் படிக்காத பையன்னு முடிவு பண்ணிருவாங்க, அதவிட கொடுமை அவனே அப்படி நம்ப ஆரம்பிச்சிருவான். இதத் தடுக்கறதுதான் நம்ம வேலை.

அதனால வார்த்தை நோட்டு போடுங்க. இத நான் எல்லார்கிட்டயும் சொல்றேன், கேட்டவங்க பிள்ளைங்க நல்லா வர்றாங்க, அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

ஒரு நீளமான நோட்டுப் புத்தகம், பக்கத்த மூனா கோடு போட்டு பிரிங்க. முதல் கட்டத்துல தமிழ், ரெண்டாவதுல மலாய், மூனாவதுல பிள்ளையே வரையற சின்ன படம் இல்ல ஒரு உதாரணக் கணக்கு. ஆறாம் ஆண்டு கணக்குப் புத்தகத்த எடுத்து தலைப்பு தலைப்பா போங்க. பின்னம் - பெச்சாஹான். தொகுதி எண் - பெங்அங்கா, பகுதி எண் - பெஞெபூட். தசமம் - பெர்புலுஹான். விழுக்காடு - பெராத்துஸ். பரப்பளவு - லுவாஸ். கொள்ளளவு - இசிபாடு. பகா எண் - நொம்போர் பெர்டானா. முக்கோணம் - செகி தீகா. அறிவியல்ல உணவுச் சங்கிலின்னா ராந்தாய் மகானான், ஒளிச்சேர்க்கைன்னா ஃபோத்தோசிந்தேசிஸ், இந்த மாதிரி. ஒரு நாளைக்கு 5 சொல்லு போதும், ஒரேயடியா 50 எழுத வச்சா கை வலிக்கும், ஒன்னும் நிக்காது. நவம்பர் கடைசில ஆரம்பிச்சா பள்ளி தொறக்கறதுக்குள்ள 200 சொல்லு கையில இருக்கும் (2026லேர்ந்து பள்ளி வருஷம் மறுபடி ஜனவரிக்கே வந்திருச்சு, முன்ன மாதிரி மார்ச் வரைக்கும் நேரம் கிடையாது).

இதுல நிறைய பேரு விட்டுர்றது ஒன்னு இருக்கு, கேள்வில வர்ற ஏவல் சொல்லு. ஞாத்தாகான்னா சும்மா சொல்லு, ஒரு வரி போதும். ஜெலாஸ்கான்னா விளக்கு, ஒரு வரி எழுதினா மார்க் போகும். பண்டிங்கான்னா ரெண்டையும் ஒப்பிடு, ஒன்ன மட்டும் எழுதக் கூடாது. செனாராய்கான்னா பட்டியல் போடு. ஹீத்தூங்னா கணக்கிடு. இந்த பத்துப் பன்னெண்டு சொல்லு எல்லாப் பாடத்துலயும் வரும், சரித்திரம், ஜியோகிராஃபி, ஆர்பிடின்னு (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) எதுலயும். பதில் தெரிஞ்ச பிள்ளைங்களே கேள்வி என்ன கேக்குதுன்னு புரியாம வேற எதையோ எழுதிட்டு வர்றத நான் தாளு தாளா பார்த்திருக்கேன். இத நோட்டோட முதல் பக்கத்துலயே எழுதி வைங்க.

டிஎல்பி (இரட்டை மொழித் திட்டம்) வகுப்பு உள்ள பள்ளினா கணக்கும் சயின்ஸும் இங்கிலீஷ்ல நடக்கும், அப்ப நாலாவது கோடு ஒன்னு போட்டுக்குங்க. எந்தப் பள்ளின்னு முடிவானதும் மொத வேலையா இத விசாரிங்க, தெரியாம போயி உக்காந்தா பிள்ளைக்கு ரெண்டு மொழியும் ஒன்னா மேல விழும்.

பாட மலாய் வேற, விளையாடற மலாய் வேற. நம்ம பிள்ளைங்க "நான்", "நீ"ன்னு சொல்றதுக்கு புத்தகத்துல சாயா, அண்டா, ஆவாக்னு படிச்சிட்டு போவாங்க, இங்க பேராக்ல கோலகங்சார் பக்கத்து பசங்க தெமான், மிக்கேன்னு பேசுவாங்க, மத்தவங்க ஆக்கு காவ்னு. பிள்ளை முழிக்கும். இதுக்கு நோட்டு உதவாது, காதுதான் பழகணும். பசார் மாலாம் (ராத்திரிச் சந்தை) போறப்ப நீங்க பேசாம பிள்ளைய விட்டு வாங்கச் சொல்லுங்க, மீ கோரேங் ஒன்னு, தெலோர் (முட்டை) வேணும், காரம் வேணாம், பாக்கி காசு எவ்ளோ, எல்லாத்தையும் அதுவே கேக்கட்டும். அந்த 27 வெள்ளி பிள்ளைக்கு நான் சொன்னது இதுதான். நாலு வியாழக்கிழமை அம்மா பக்கத்துல நிக்க பிள்ளை வாங்கிச்சு, மொத தடவை கை நடுங்குச்சாம், மூனாவது தடவை கடைக்காரர்கிட்டயே சம்பல் பத்தல பாக்சிக்னு சொல்லி கூட கொஞ்சம் வாங்கிக்கிட்டு வந்திருக்கு. அடுத்த வாரம் கெந்தின்ல சாப்பிட ஆரம்பிச்சிருச்சு.

இப்ப பேப்பர் வேலை. இது சலிப்பான விஷயம், ஆனா இங்க கோட்டை விட்டா பிள்ளை வாரக்கணக்குல வீட்டுல இருக்கும், அதனால படிங்க.

நடு வருஷத்துல வேற பள்ளிக்கு மாத்தறதா இருந்தா மொதல்ல இப்ப படிக்கற பள்ளி ஆபிஸ்க்கு போங்க, புதுப் பள்ளிக்கு போய் நிக்காதீங்க. மாறுறதுக்கான விண்ணப்பம் எப்படிப் போடறதுன்னு அங்கதான் மொதல்ல கேக்கணும், வேற மாவட்டம் வேற மாநிலம்னா பிபிடி (மாவட்டக் கல்வி இலாகா), ஜேபிஎன் (மாநிலக் கல்வி இலாகா) வரைக்கும் போகும், இடம் இருக்கான்னு பார்ப்பாங்க. பிறப்புப் பத்திரம், அப்பா அம்மா ஐசி, புது வீட்டு முகவரி காட்டற தண்ணி பில்லு இல்ல கரண்டு பில்லு, எல்லாத்தையும் நாலு நாலு காப்பி எடுத்து ஒரு பைல்ல வைங்க. தோட்டத்து வீட்ல இருக்கறவங்களுக்கு பில்லு சொந்தப் பேருல இருக்காது, தோட்டத்து ஆபிஸ்ல கிராணிகிட்ட (கிளார்க்) சொல்லி இந்த வீட்டுல குடியிருக்காங்கன்னு ஒரு கடுதாசி வாங்கிக்குங்க. பிள்ளைக்கு 12 வயசு ஆயிருச்சுன்னா மைகாட் (அடையாள அட்டை) எடுத்திருக்கணும், இன்னும் எடுக்கலன்னா பள்ளி லீவுலயே முடிச்சிருங்க, ஜனவரில போய் வரிசையில நிக்காதீங்க.

எஸ்பிபிடி பாடப்புத்தகம் இரவல் புத்தகம், பள்ளி மாறுறப்ப திருப்பிக் குடுத்தாகணும், கிழிஞ்சிருந்தா தொலைஞ்சிருந்தா இப்பவே சொல்லி சரி பண்ணிருங்க. நூலகப் புத்தகமும் அப்படித்தான். அப்பறம் வகுப்பு மதிப்பீட்டு ரிப்போர்ட்டு, கோகுரிகுலம் (புறப்பாட நடவடிக்கை) சர்ட்டிபிகேட்டு எல்லாத்தையும் கேட்டு வாங்கிட்டு வாங்க, ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் பரீட்சைய 2021லயே எடுத்துட்டாங்க, ஃபோர்ம் மூனு பிடி3யும் 2022ல போயிருச்சு, அதனால புது டீச்சருக்கு உங்க பிள்ளைய பத்தி தெரிய இந்தத் தாளுங்கதான் உதவும். பள்ளி தொடக்க உதவித்தொகை 150 வெள்ளி பழைய பள்ளில வாங்கியாச்சா புதுசுல வாங்கணுமான்னு கேட்டு எழுதி வச்சுக்குங்க, ரெண்டுக்கும் நடுவுல விட்டுப் போறது உண்டு.

பிறப்புப் பத்திரத்துலயே பிரச்சனை உள்ள பிள்ளைங்க நம்ம தோட்டத்துப் பக்கம் இன்னும் இருக்காங்க, அம்மா அப்பா கல்யாணத்த பதியல, பாட்டிதான் வளத்தாங்க, இப்படி ஏதாவது ஒன்னு இருக்கும். வெக்கப்பட்டு வீட்டுலயே வச்சுக்காதீங்க தயவு செஞ்சு. அப்பா அம்மால ஒருத்தராவது குடிமக்களா இருந்தா பத்திரம் முடியறதுக்கு முன்னாடியே பள்ளில சேர்க்க வழி இருக்கு, நேரா பிபிடிக்கு போய் கேளுங்க, தனியா போக பயமா இருந்தா பழைய தலைமையாசிரியரையோ கோயில் கமிட்டில விவரம் தெரிஞ்ச ஒருத்தரையோ கூட்டிட்டு போங்க.

சட்டைத்துணிய பத்தி ரொம்ப சொல்ல வேணாம், கறுப்பு சப்பாத்து பழசே போதும், பையனுக்கு பச்சை சிலுவார், பொம்பளப் பிள்ளைக்கு வெளிர் நீல பினாஃபோர் இல்ல பாஜு கூரோங். பேர் பட்டை, பள்ளி சின்னம், டை எல்லாம் பெரும்பாலும் அந்தப் பள்ளி கோப்பராசிலதான் (கூட்டுறவுக் கடை) கிடைக்கும், முன்கூட்டியே கடைல வாங்கி ஏமாறாதீங்க.

பள்ளி தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் பிள்ளைய அழைச்சிட்டு அந்தப் பாதையில போயிட்டு வாங்க. தோட்டத்துல இருக்கறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். தமிழ்ப்பள்ளி லயத்துக்குப் பக்கத்துலயே இருந்திருக்கும், மணி அடிச்ச பிறகு ஓடினாலும் போய் சேர்ந்திருக்கலாம். செகண்டரிக்கு வேன் விடியறதுக்கு முன்னாடியே வந்திரும், இருட்டுல நிக்கணும். எங்க நிக்கறது, வேன் அண்ணன் நம்பர் என்ன, வேன் வரலன்னா யார கூப்பிடறது, மழை பேஞ்சா செம்மண் ரோட்டுல எந்தப் பக்கம் வர்றது, இதெல்லாம் பேசி வச்சுக்குங்க. சில பள்ளில கீழ் படிவங்களுக்கு மத்தியானம்தான் வகுப்பு, சாயந்தரம் ஆறரைக்கு மேலதான் விடுவாங்க, வீடு வர்றப்ப இருட்டிரும். பொம்பளப் பிள்ளைங்க வச்சிருக்கறவங்க இத மொதல்லயே கேளுங்க, ரெண்டு மூனு வீடு சேர்ந்து ஒரே வேன் போட்டா பிள்ளைங்க ஒன்னா வந்து சேருவாங்க.

மொத நாள் வகுப்பு டீச்சர பார்த்து ரெண்டு நிமிஷம் பேசுங்க. பெருசா ஒன்னும் வேணாம், சிக்கு (மலாய்ல டீச்சர்), என் பிள்ளை தமிழ்ப்பள்ளிலேர்ந்து வருது, பாடம் தெரியும், மலாய்ல சொல்ல கொஞ்சம் நேரம் எடுக்கும், அவசரப்படுத்தாம கேட்டீங்கன்னா சொல்லும், இவ்ளோதான். மலாய் சரியா வராத அம்மாங்க இத எழுதி எடுத்துட்டு போய் குடுத்திருக்காங்க, நானே எழுதிக் குடுத்திருக்கேன். டீச்சர் ஒருத்தர் கூட இத வாங்கிட்டு மொகம் சுளிச்சதா என்கிட்ட யாரும் வந்து சொன்னதில்ல.

ரிமூவ் வகுப்பு. இத பத்தி என் மனசுல நிறைய இருக்கு, ஏன்னா நானும் 1992ல அதுல உக்காந்தவ. தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிலேர்ந்து வர்ற பிள்ளைங்க மலாய்மொழி மட்டத்துக்கு வரலன்னா ஃபோர்ம் ஒன்னுக்கு முன்னாடி ஒரு வருஷம் பெரலிஹான், அதாவது இந்த ரிமூவ் வகுப்பு, ஃபோர்ம் அஞ்சு எஸ்பிஎம் பரீட்சைய 17 வயசுக்கு பதிலா 18ல எழுதுவாங்க, அவ்ளோதான் விஷயம். ஆனா நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க, கல்யாண வீட்டுல நாலு பேரு முன்னாடி "ரிமூவ்ல போட்டுட்டாங்களாமே"ன்னு கேக்கறாங்க, பிள்ளை அங்கயே நின்னு கேட்டுக்கிட்டிருக்கும். என் பெரியப்பா அப்படி கேட்டது இன்னிக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு, என்ன சட்டை போட்டிருந்தேன்னு கூட ஞாபகம் இருக்கு. என் வகுப்புல வந்த ஒரு ஆசிரியர் பாதி நாள் பாடமே எடுக்கல, இந்த வகுப்புக்கு பரீட்சை இல்லையேன்னு விட்டுட்டாரு. எங்கம்மாதான் பழைய மலாய் பேப்பர் வாங்கிட்டு வந்து சாயந்தரம் லயத்து வாசல்ல உக்கார வச்சு ஒரு பத்தி படிக்கச் சொல்லுவாங்க, அம்மாவுக்கு மலாய் படிக்கத் தெரியாது, நான் நிறுத்தாம படிக்கறனான்னு மட்டும் பார்ப்பாங்க. அந்த ஒரு வருஷத்துல என் நாக்கு திரும்பிச்சு.

உங்க பிள்ளை ரிமூவ் போகுதுன்னா அந்த வருஷத்த வீணாக்க விடாதீங்க. தினம் 15 நிமிஷம் சத்தமா வாசிக்க வைங்க, பேப்பரோ கதைப் புத்தகமோ எதுவா இருந்தாலும் சரி. வாரத்துக்கு ஒரு தடவை பத்து வரி கடுதாசி மாதிரி எழுத வைங்க. மலாய்க்காரக் கூட்டாளி ஒருத்தராவது அந்த வருஷம் முடியறதுக்குள்ள கிடைக்கணும். சொந்தக்காரங்க யாராவது கேட்டா பிள்ளைக்கு முன்னாடியே, ஆமா மலாய் நல்லா படிக்கப் போறான் மாமா, அதுக்குத்தான் அந்த வகுப்புன்னு நேரா சொல்லுங்க.

எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி வர்றதில்ல, எங்கேர்ந்து வருதுன்னு பார்த்துதான் செய்யணும்.

தேசியப் பள்ளில (மலாய்ல நடக்கற தொடக்கப்பள்ளி) படிச்சிட்டு வர்ற தமிழ்ப் பிள்ளைக்கு மலாய் தண்ணி மாதிரி வரும், பாடத்துல கஷ்டம் இல்ல, ஆனா ரேஹாட்ல (இடைவேளை) தமிழ்ப்பள்ளிப் பசங்க வட்டமா நின்னு பேசறப்ப இது வெளிய நிக்கும். தமிழ் எழுதத் தெரியாதுன்னு கிண்டல் பண்ணுவாங்க. இந்தப் பிள்ளையும் அந்தப் பிள்ளையும் ஒருத்தருக்கு ஒருத்தர் தேவை, இவனுக்கு தமிழ் வேணும் அவனுக்கு மலாய் வேணும். நான் என் டியூஷன்ல இப்படி ரெண்டு ரெண்டு பேரா உக்கார வைக்கறேன், வார்த்தை நோட்ட மாத்தி மாத்தி கேள்வி கேக்கச் சொல்றேன், பாடமும் ஏறுது, கூட்டாளித்தனமும் வருது.

கெடா பக்கத்துலேர்ந்து, சுங்கை பட்டாணி, பீடோங்லேர்ந்து இங்க மாறி வர்றவங்களுக்கு வாரமே மாறிரும், அங்க வெள்ளி சனி லீவு, இங்க சனி ஞாயிறு. கேக்க சின்ன விஷயம்தான். ஆனா ஒரு தம்பி மொத வெள்ளிக்கிழமை வீட்டுலயே தூங்கிட்டான், ஞாயித்துக்கிழமை சட்டை மாட்டிட்டு ஆள் இல்லாத கேட் முன்னாடி போய் நின்னிருக்கான், பார்த்தவங்க அத ஒரு மாசம் சொல்லிக்காட்டினாங்க. வந்த அன்னிக்கே காலண்டர்ல எழுதி சுவத்துல மாட்டுங்க. கிளந்தான், திரெங்கானுவும் இதே கணக்குதான், ஜொகூர் 2025லேர்ந்து சனி ஞாயிறுக்கு வந்திருச்சு.

கோலாலம்பூர், கிள்ளான்லேர்ந்து அப்பா வேலை போயி, இல்ல அம்மா அப்பா பிரிஞ்சு, பாட்டி வீட்டுக்கு தோட்டத்துக்கு அனுப்பி வைக்கப்பட்ட பிள்ளைங்க இருக்காங்க. இவங்களுக்கு பள்ளி மாறினது ரெண்டாவது விஷயம்தான், வீடு மாறினதுதான் பெருசு. பாட்டிங்களுக்கு சொல்றேன், வந்த மறுநாளே "உங்கப்பன் இப்படி உங்கம்மா இப்படி"ன்னு ஆரம்பிக்காதீங்க பாட்டி. சாப்பாட்டு நேரம், தூங்கற நேரம், ஃபோன் பேசற நேரம் இது மூனையும் மொத வாரத்துலேர்ந்து ஒரே மாதிரி வைங்க. அம்மாகிட்டயோ அப்பாகிட்டயோ பேசற நாள் தெரிஞ்சிருந்தா பிள்ளை மத்த நாள் பாடத்த பார்க்கும், தெரியலன்னா தினமும் ஃபோனத்தான் பார்க்கும்.

அப்பறம் நம்ம ஊருல தெமியார் பூர்வகுடிப் பிள்ளைங்க, லிந்தாங்க தாண்டி உள்ள கம்போங்லேர்ந்து வந்து படிக்கறவங்க. இவங்களுக்கும் வீட்டு மொழி வேற பள்ளி மொழி வேற, நம்ம பிள்ளை படற பாட்ட விட கூடவே படறாங்க, வீட்ட விட்டு ஹாஸ்டல்ல வேற தங்கணும். நம்ம பிள்ளைங்ககிட்ட சொல்லி வைங்க, பேச்சக் கேட்டு சிரிக்கக் கூடாது, குழு வேலைல சேர்த்துக்கணும்னு. என்கிட்ட படிச்ச ஒரு பொண்ணு தெமியார் கூட்டாளிகிட்டேர்ந்து மரம் செடி பேரெல்லாம் கத்துக்கிட்டு வந்து எனக்கு சொல்லிக் குடுத்திச்சு.

கூட்டாளி விஷயத்துல ஒன்னு மனசுல கனமா இருக்கு. புதுசா வந்த பையன் தனியா நிக்கறான்னு மொதல்ல கண்டுபிடிக்கறது வாத்தியார் இல்ல, கேட்டுக்கு வெளிய மோட்டார்ல உக்காந்திருக்கற பெரிய பசங்க. வா தம்பி, எந்த தோட்டம், யாராவது அடிச்சா சொல்லுன்னு ஆரம்பிக்கும். பையனுக்கு அது அண்ணன் கிடைச்ச மாதிரி இருக்கும், பிறகு நம்பர பேரா வச்ச அடிதடிக் கும்பல், கழுத்துல கயிறு, பள்ளிக்கு மட்டம். அதனால அவங்க கூப்பிடறதுக்கு முன்னாடி அவனுக்கு ஒரு இடம் இருக்கணும். மொத மாசத்துலயே ஒரு சீருடை இயக்கம், ஒரு விளையாட்டு, ஒரு கழகம் மூனுலயும் பேர் குடுக்க வைங்க, சாரணர், காடேட் போலிஸ், செயின்ட் ஜான் எதுவா இருந்தாலும், காற்பந்து, சிலம்பம், தமிழ்மொழிக் கழகம் எது இருக்கோ அது. புதன்கிழமை சாயந்தரம் அவன தேடற நாலு பேரு இருந்தா மோட்டார்காரங்களுக்கு வேலை இல்ல. யுனிவர்சிட்டிக்கு எடுக்கறப்ப 10 விழுக்காடு இந்த கோகுரிகுலத்துக்குத்தான் போகுது, அது கூடுதல் லாபம்.

நிறத்த வச்சு, கெலிங்னு (நம்ம ஆளுங்கள இழிவா சொல்ற சொல்லு) கூப்பிட்டு, எண்ணெய் வாடைன்னு சொல்லி கிண்டல் பண்ணாங்கன்னா ரெண்டு தப்பு பண்ணாதீங்க. ஒன்னு, விடு கண்டுக்காதன்னு சொல்றது. இன்னொன்னு, போய் அடிச்சிட்டு வாடான்னு அனுப்பறது. என்னைக்கு, எந்த பாட நேரம், யாரு, என்ன சொன்னாங்க, பக்கத்துல யாரு இருந்தாங்கன்னு பிள்ளையவே எழுத வைங்க, தேதி போட்டு. அத எடுத்துட்டு மொதல்ல வகுப்பு டீச்சர், ஒன்னும் நடக்கலன்னா மாணவர் நலத் துணைத்தலைமை, அதாவது பிகே ஹேஎம், அப்பறம் தலைமையாசிரியர். கடுதாசியா குடுத்து காப்பில கையெழுத்து வாங்குங்க. அமைச்சுல பகடிவதை புகார் குடுக்க தனி போர்ட்டலே இருக்கு. பிள்ளை ராத்திரி தூங்கல, கை காலுல காயம் இருக்கு, சாகணும்னு பேசுதுன்னா படியேறிக்கிட்டு நிக்காதீங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரி, இல்ல தாலியான் காசிஹ் (அரசாங்க உதவி லைன்) 15999க்கு கூப்பிடுங்க, எந்நேரமும் எடுப்பாங்க.

தமிழ விட்டுடாதீங்க. செகண்டரி போனா தமிழ் பாடம் தானா அட்டவணைல வராது நிறைய பள்ளில. 1996 கல்விச் சட்டத்துலயே இருக்கு, 15 பிள்ளைங்களோட பெற்றோர் கேட்டா பள்ளி தமிழ் வகுப்புக்கு ஏற்பாடு பண்ணணும். 15 பேருதான். நம்ம ஊருல ஒரு வேன்லயே அத்தனை பேரு வர்றாங்க. ஒரு கடுதாசில பிள்ளைங்க பேரு, வகுப்பு, பெற்றோர் கையெழுத்து ஐசி நம்பர் வாங்கி தலைமையாசிரியர்கிட்ட குடுங்க, பிஐபிஜி (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) கூட்டத்துலயும் எழுந்து கேளுங்க. பெரும்பாலும் பள்ளி விட்ட பிறகுதான் வகுப்பு போடுவாங்க, வேன் போயிருமேன்னு பாதி பிள்ளைங்க நின்னுர்றாங்க, அதனால கடுதாசி குடுக்கறப்பவே வேன் அண்ணன்கிட்டயும் அந்த ஒரு நாள் லேட்டா வரச் சொல்லிப் பேசிருங்க. புதுப் பள்ளில நாள் பூரா வார்த்தை தேடிக்கிட்டிருக்கற பிள்ளைக்கு, வாரத்துல அந்த ஒரு மணி நேரம் தேடாம கை தூக்க முடியும். அந்த கை தூக்கற பழக்கம் மத்த வகுப்புக்கும் ஒட்டிக்கிட்டு போறத நான் பார்த்திருக்கேன்.

மூனு மாசம் குடுங்க. அதுக்குள்ள மார்க்க பார்க்காதீங்க, வேற விஷயத்த பாருங்க: சாப்பிட்டு வருதா, ஒரு கூட்டாளி பேராவது சொல்லுதா, நேத்து என்ன வீட்டுப்பாடம்னு தெரியுதா, ஞாயித்துக்கிழமை ராத்திரி வயித்து வலின்னு சொல்றது குறைஞ்சிருக்கா. மூனு மாசத்துக்குப் பிறகும் இதுல ஒன்னுமே மாறலன்னா பள்ளி கவுன்சலிங் டீச்சர நேரம் கேட்டு போய் பாருங்க. போறப்ப அந்த வார்த்தை நோட்ட கூடவே எடுத்துட்டு போங்க, டீச்சர் கையில குடுத்து ஏதாவது ஒரு பக்கத்துலேர்ந்து பிள்ளைய கேக்கச் சொல்லுங்க, பிள்ளை பதில் சொல்றத அவங்க காதால கேக்கட்டும், அதுக்கப்பறம் வகுப்புல எங்க உக்கார வைக்கறது, எந்த டீச்சர்கிட்ட சொல்லி வைக்கறதுன்னு பேச ஆரம்பிங்க.